கார்டில் வந்த தீர்ப்பு

ஒரு மனிதரைப் பார்த்து, "உமக்குப் பிடித்த பாட்டுக்கள் எவை?" என்று கேட்டால், அவர் உற்சாகமாக ஒரு மணி நேரம் பேசுவார். நடுநடுவே பாடிக் காட்டினாலும் காட்டுவார். "சரி, அவற்றில் ஏழே ஏழைப் பொறுக்கி, முதலில் எது, இரண்டாவது எது என்று ஒரு தபால் கார்டில் எழுதிக் கொடும்" என்று கேட்டுப் பாருங்கள். மனிதர் தலையைச் சொறிய ஆரம்பித்து விடுவார். ஏழு குழந்தை பெற்றவளிடம் போய் உன் குழந்தைகளில் உனக்கு எது முதல் என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்? அந்தச் சங்கடந்தான் இதுவும்.

ஆனால் இந்தச் சங்கடத்தை ஆயிரக்கணக்கான ஜனங்கள் வாராவாரம் வலிய ஏற்றுக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. ஒரு மந்திரியும், யுத்த காலத்து ஒலிபரப்பு நிலையம் ஒன்றும், ஒரு பற்பசையும் சேர்ந்து உண்டாக்கிய விசித்திரமான சரித்திரம் அது.

மந்திரியின் பெயர் டாக்டர் பி. வி. கேஸ்கர். 1952 முதல் 1962 வரையில் இந்திய சர்க்காரில் செய்தி ஒலிபரப்பு இலாகா அவர் கையில் இருந்தது. சங்கீதத்தில் உண்மையான பக்தி உள்ளவர். சமஸ்தானங்கள் மறைந்து, ராஜாக்களின் ஆதரவு போய், வித்வான்கள் திகைத்து நின்ற சமயத்தில், இனி ரேடியோதான் அவர்களுக்கு ராஜ சபை என்று அவர் தீர்மானித்தார். தேசிய சங்கீத நிகழ்ச்சி 1952-ல் ஆரம்பமாயிற்று. 1954 முதல் ரேடியோ சங்கீத சம்மேளனம் நடந்தது. டில்லியில் வாத்திய விருந்தம் ஏற்பட்டது. அதை நடத்தியவர்களில் ரவிசங்கரும் நம்முடைய டி. கே. ஜயராமய்யரும் உண்டு. இவ்வளவுக்காகவும் கேஸ்கருக்கு நாம் நமஸ்காரம் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் பக்தி முற்றினால் சில சமயம் பக்கத்து வீட்டுக்காரனின் சுவாமி கண்ணில் படாமல் போய்விடும். சினிமாப் பாட்டு ஜனங்களின் ருசியைக் கெடுக்கிறது என்று மந்திரி கருதினார். ரேடியோவில் அதற்கு ஒதுக்கிய நேரம் சுருங்கிற்று. பாட்டைப் போடும்போது படத்தின் பெயரைச் சொன்னால் அது விளம்பரமாகும். ஆகையால் பாடகர் பெயர் மட்டும் போதும் என்று உத்தரவு வந்தது. படத் தயாரிப்பாளர்களுக்குக் கோபம் வந்து, பாட்டுக்களை ஒலிபரப்பும் அனுமதியையே வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். சில மாதங்களில் அகில இந்திய ரேடியோவில் சினிமாப் பாட்டின் குரல் அடங்கிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே 1952-ம் வருஷத்தில்தான் 'பைஜு பாவ்ரா' என்ற ஹிந்திப் படம் வெளியாகி வடக்கே ஒரு கலக்குக் கலக்கியது. நௌஷாத் அதற்குச் சங்கீதம் அமைத்தார். உஸ்தாத் அமீர் கானும் டி. வி. பலுஸ்கரும் அதில் பாடினார்கள். மால்கௌன்ஸ் ராகம் குதிரை வண்டிக்காரன் வாயில் புகுந்து புறப்பட்டது. சாஸ்திரீய சங்கீதத்தை ஜனங்களிடம் கொண்டு சேர்க்கவேண்டும் என்பதுதானே மந்திரியின் ஆசை? அது சினிமாக் கொட்டகை வழியாக வந்து வாசலில் நின்றபோது, வாசற் கதவு சாத்தியிருந்தது!

கதவைச் சாத்தலாம், ஆகாயத்தைச் சாத்த முடியுமா?

யுத்தத்தின்போது மௌண்ட்பேட்டன் பிரபு தலைமை வகித்த தென்கிழக்கு ஆசியப் படையினருக்காகக் கொழும்பில் ஓர் ஒலிபரப்பு நிலையம் ஏற்பட்டிருந்தது. 100 கிலோவாட் வலிமையுள்ள சிற்றலை டிரான்ஸ்மிட்டர் ஒன்றும் அதற்கென்று வந்து சேர்ந்தது. சிற்றலையின் குணம் அலாதியானது. பூமியை ஒட்டி நடந்து களைத்துப் போகாமல், மேலே கிளம்பி, வானத்தின் உச்சியிலுள்ள மின் அடுக்கில் மோதி, ஆயிரம் மைலுக்கு அப்பால் போய் இறங்கும். யுத்தம் முடிந்து, 1949-ல் அந்த நிலையம் இலங்கை சர்க்காரிடம் வந்தது. சிப்பாய்களுக்குப் பாட்டுப் போட வாங்கிய யந்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 1950-ல் இலங்கை வானொலி வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கிற்று. கிளிஃபர்ட் டாட் என்னும் ஆஸ்திரேலியர் அதை நிர்வகித்தார்.

தமிழ் நாட்டுக்கு இது மிகவும் அருகாமை. எஸ். பி. மயில்வாகனம் அவர்களின் குரலைக் கேட்டு வளர்ந்த தலைமுறை ஒன்று நம்மிடையே உண்டு. எங்கள் பக்கத்திலும் மாலை வேளையில் நாலு வீடு தள்ளி நடந்தால், பாட்டு அறுபடாமல் கூடவே வரும். நாலு வீட்டிலும் கொழும்புதான்! சென்னை நிலையத்துக்கு லைசென்ஸ் கட்டணம். கொழும்பு நிலையத்துக்குக் காது. ஜனங்கள் இந்த ஏற்பாட்டில் யாதொரு அநியாயத்தையும் காணவில்லை.

வடக்கே நடந்தது இதைவிடப் பெரிது. ஸ்விட்சர்லாந்துக்காரர்களின் பினாகா பற்பசைக்காக, 1952 டிசம்பர் 3-ந் தேதி புதன்கிழமை இரவு, 'பினாகா கீத் மாலா' என்ற ஹிந்தி நிகழ்ச்சி கொழும்பிலிருந்து ஒலித்தது. நடத்தியவர் அமீன் ஸயானி. இன்னும் இருபது வயதுகூட நிறையாத பையன். பம்பாயில் பதிவு செய்து, நாடாவை விமானத்தில் கொழும்புக்கு அனுப்புவார்கள். சம்பளம் வாரத்துக்கு 25 ரூபாய். அந்த 25 ரூபாய்க்கு எழுதவேண்டும், பேசவேண்டும், வருகிற தபால்களையும் பார்க்கவேண்டும்.

ஏழு பாட்டுக்களை முறை மாற்றி ஒலிபரப்புவார்கள். நேயர்கள் சரியான வரிசையை எழுதி அனுப்பவேண்டும். பரிசு 100 ரூபாய். நாற்பது ஐம்பது கடிதம் வந்தால் அதிகம் என்று நினைத்தார்களாம். முதல் நிகழ்ச்சிக்கு வந்தவை 9,000! ஒரு வருஷத்துக்குள் வாரத்துக்கு 65,000 வரையில் ஏறிவிட்டது. ஒரு பையன் 65,000 கடிதங்களைப் பிரித்து வரிசை பார்ப்பது எப்படி? 1954-ல் போட்டியைக் கைவிட்டு, எந்தப் பாட்டு அதிகப் பிராபல்யம் என்று வரிசைப்படுத்தி ஒலிபரப்பும் முறைக்கு மாறினார்கள்.

இந்த மாறுதல் சிறியதாகத் தோன்றும். என் அபிப்பிராயத்தில் இதுதான் கதையின் திருப்பம். முன்னே இருந்தது புதிர். புதிருக்குச் சரியான விடை ஒன்று உண்டு. பின்னே வந்தது வோட்டு. வோட்டுக்குச் சரியான விடை கிடையாது. 100 ரூபாய் ஆசையும் போயிற்று. ஆனாலும் கார்டுகள் நிற்கவில்லை. என் பாட்டு மேல்படி ஏறவேண்டும் என்ற ஒன்றைத் தவிர, எழுதினவனுக்கு அதில் வேறு லாபம் என்ன?

1952-ம் வருஷத்தை இன்னொரு முறை நினைத்துப் பாருங்கள். அதே ஆண்டின் தொடக்கத்தில்தான் சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல் முடிவு பெற்றது. உன்னை ஆள்கிறவன் யார் என்று நீயே சொல்லலாம் என்று குடியானவனிடம் சீட்டைக் கொடுத்தாயிற்று. அதே குடியானவனிடம், "நீ எந்தப் பாட்டைக் கேட்கலாம் என்பதை மட்டும் நாங்கள் சொல்கிறோம்" என்றால் அவன் ஒப்புவானா? கொழும்புக்குத் திருப்பிய ரேடியோக் குமிழும் ஒரு வோட்டுச் சீட்டுத்தான்.

ஆனால் வோட்டு என்றால் அதன் கோளாறுகளும் கூடவே வரும். பிகாரில் - இப்போது ஜார்க்கண்டில் - ஜும்ரி தலையா என்று அபிரகச் சுரங்கங்கள் நிறைந்த ஓர் ஊர். அந்த ஊர் ரசிகர்கள் இலங்கை வானொலிக்கு எழுதின கார்டுகளுக்குக் கணக்கே இல்லை. ரேடியோவில் அடிக்கடி அந்தப் பெயரைக் கேட்டவர்கள், இப்படி ஓர் ஊரே கிடையாது, யாரோ கற்பனை செய்தது என்றுகூட நினைத்தார்கள். ஒரு சிற்றூரின் உற்சாகம் ஒரு பெரிய பட்டணத்தின் மௌனத்தை வென்றுவிடும். கீத் மாலாக்காரர்கள் இசைத்தட்டு விற்பனையையும், ஊர் ஊராக ஏற்பட்ட நேயர் சங்கங்களின் அபிப்பிராயத்தையும் சேர்த்துப் பார்த்தார்கள். அப்படியும், தட்டு வாங்கக் காசில்லாதவனுக்கும், கார்டு எழுதத் தெரியாதவனுக்கும் அந்தக் கணக்கில் இடம் ஏது? என் பாட்டி ஏற்றம் இறைக்கும் பாட்டுக்களை ஐம்பது அறுபது அறிந்திருந்தாள். அவை எந்தத் தட்டிலும் ஏறியதில்லை. எந்த வரிசையிலும் ஏற வழியில்லை.

ஆகையால், வரிசையில் முதலாவதாக வந்த பாட்டுத்தான் தேசத்தின் மிகச் சிறந்த பாட்டு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஜனங்களுக்கு ருசியே கிடையாது என்ற கட்சியையும் ஒப்பமாட்டேன். 1954-ம் வருஷத்து வரிசையில் முதலிடம் பெற்றது எது? 'டாக்ஸி டிரைவர்' படத்தில் எஸ். டி. பர்மன் அமைத்து, தலத் மஹ்மூத் பாடிய பாட்டு. குதித்துக் கூத்தாடும் பாட்டல்ல; போக்கிடம் அறியாதவனின் ஏக்கம். தாழ்ந்த குரலில், நெஞ்சு நடுங்கப் பாடியது. கண்ட கண்ட கூச்சலுக்கு மயங்குகிற கூட்டம் என்று எவர்களைச் சொன்னார்களோ, அவர்கள் பொறுக்கி எடுத்த பாட்டு இது!

கடைசியில் சர்க்காரே இறங்கி வந்தது. 1957 அக்டோபரில் 'விவித பாரதி' தோன்றி, சினிமாப் பாட்டுக்கு மீண்டும் ஆசனம் கொடுத்தது. அப்போதும் மந்திரி கேஸ்கர்தான் என்பதைக் கவனியுங்கள். அதன்பின் கீத் மாலா முப்பது வருஷத்துக்கு மேல் கொழும்பிலேயே ஒலித்துவிட்டு, 1989-ல் அந்த விவித பாரதிக்கே குடி வந்தது. எந்த வீட்டின் கதவு சாத்தியதால் பிறந்ததோ, அந்த வீட்டுக்குள்ளேயே அதற்கு நாற்காலி போட்டார்கள். 1994 வரையில் அங்கே ஒலித்தது. அமீன் ஸயானி 2024 பிப்ரவரியில், 91-வது வயதில் காலமானார்.

மந்திரி தோற்றார், ஜனங்கள் ஜெயித்தார்கள் என்று கதையை முடித்துவிடலாம். அது முழு நியாயம் ஆகாது. கேஸ்கர் ஏற்படுத்திய சங்கீத நிகழ்ச்சிகள் இல்லாவிட்டால், எத்தனையோ மகாவித்வான்களின் பாட்டு நமக்கு மிஞ்சியிராது. எந்தக் காலத்திலும் கார்டு எழுதி வாக்களித்து அவற்றை யாரும் காப்பாற்றியிருக்க மாட்டார்கள். சில பாட்டுக்களைக் காப்பாற்ற ஒரு பிடிவாதக்காரர் வேண்டும். சில பாட்டுக்களைக் காப்பாற்ற 65,000 கார்டுகள் வேண்டும். ஒன்று வாழ்வதற்கு மற்றொன்றின் வாயை மூடவேண்டிய அவசியம் இல்லை என்பதைக் கற்றுக்கொள்ள நமக்கு ஐந்து வருஷம் பிடித்தது. சில தேசங்களோடு ஒப்பிட்டால் அது குறைந்த காலந்தான்.