பாட்டிக்குக் கட்டமில்லாத படிவம்

அப்பாயி வீட்டில் வளர்ந்தவன் நான். அம்மாவும் அப்பாவும் பிழைப்புக்காக வேறு ஊரில் இருந்தார்கள். "புள்ளைய அம்போன்னு விட்டுட்டாங்க" என்று ஒருத்தரும் சொன்னதில்லை.

1978இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் ஓர் அறிக்கையைப் படிக்கையில் இது நினைவுக்கு வந்தது. பூர்வகுடிக் குடும்பங்களில் பிள்ளையைப் பாட்டியிடமோ அத்தையிடமோ விட்டுச்செல்வதைச் சமூகப் பணியாளர்கள் 'புறக்கணிப்பு' என்று எழுதினார்கள். அதைக் காட்டியே பெற்றோரின் உரிமை பறிக்கப்பட்டது. அடி, உதை? வடக்கு டகோட்டாவின் ஓர் ஒதுக்கிடத்தில் நூற்றுக்கு ஒரு வழக்கில்தான் அந்தக் காரணம். 1969, 1974 கணக்கெடுப்புகளின்படி பூர்வகுடிப் பிள்ளைகளில் 25 முதல் 35 சதவீதம் பேர் வீட்டிலிருந்து பிரிக்கப்பட்டிருந்தார்கள்.

இனவெறி என்று சொல்லி முடித்துவிடலாம். அவ்வளவு லேசில்லை. 1879இல் கார்லைல் பள்ளியைத் தொடங்கிய ராணுவ அதிகாரி ரிச்சர்ட் பிராட் பிள்ளைகளின் முடியை வெட்டினார், தாய்மொழியைத் தடுத்தார். அந்த வன்முறை கண்ணுக்குத் தெரியும். 1958–67 தத்துத் திட்டத்தில் 395 பிள்ளைகளைப் பெரும்பாலும் வெள்ளைக் குடும்பங்களிடம் சேர்த்தவர்கள் கையில் கத்தரிக்கோல் இல்லை. கருணை இருந்தது, படிவம் இருந்தது. அந்தப் படிவத்தின் தர்க்கத்தில் குடும்பம் என்றால் அப்பா, அம்மா, பிள்ளை. பாட்டிக்குக் கட்டமே கிடையாது.

'பண்பாட்டுத் திறன்' என்ற சொல்லாடல் குழந்தை மனநலத் துறையில் பரவியதில் 1989இல் வந்த ஒரு சிறுநூலுக்குப் பெரும் பங்குண்டு. அதை எழுதிய நால்வரில் முதல்வர் டெரி கிராஸ், செனெகா பூர்வகுடி. பண்பாட்டை அழிப்பதில் தொடங்கி ஆறு படிகள் போடுகிறார்கள். எனக்கு முக்கியம் மூன்றாவது படி: 'குருட்டுத்தன்மை'. "நாங்க நிறம் பாக்கறதில்லீங்க, எல்லாக் குழந்தையும் ஒண்ணுதான்" என்கிற நல்ல மனுஷர் நிற்கும் இடம் அது. பிற்பாடு இந்தத் திறனே இரண்டு நாள் பயிற்சியும் சான்றிதழுமாகச் சுருங்கியது வேறு கதை. 1998இல் டெர்வலான், முர்ரே-கார்சியா என்ற இரு மருத்துவர்கள் திறனல்ல, பணிவுதான் வேண்டும் என்று எழுத நேர்ந்தது.

பணிவும் போதாது என்பேன். முடிவெடுப்பது யார் என்பதல்லவா கேள்வி? 1978 சட்டம் அங்கேதான் கைவைத்தது. ஒதுக்கிடத்தில் வசிக்கும் பிள்ளையின் வழக்கு பழங்குடி நீதிமன்றத்துக்கே; தத்துக் கொடுப்பதில் சொந்தபந்தத்துக்கே முதலிடம்.

இச்சட்டம் இனப் பாகுபாடு என்று வழக்குப் போட்டார்கள். மூன்றாம் படிதான், வக்கீல் கோட்டுப் போட்டு வந்தது. 2023 ஜூனில் உச்சநீதிமன்றம் 7–2 என்று சட்டத்தைக் காப்பாற்றியது. பாகுபாட்டு வாதத்துக்கு மட்டும் பதில் சொல்லவில்லை. அதைக் கேட்க இவர்களுக்குத் தகுதியில்லை என்று ஒதுக்கி வைத்திருக்கிறது.