குப்பையிற் கிடைத்த இருதய இரகசியம்

"இரத்தக் கொதிப்பு இல்லை, சர்க்கரையும் இல்லை, பின் எவ்வாறு மாரடைப்பு வந்தது?" நம் காலனியிலும் இவ்வாறு கேட்டுக் கலங்கிய இல்லங்கள் உண்டு. அதற்கு ஒரு பகுதி விடை, விஞ்ஞானிகள் குப்பையென ஒதுக்கிய இடத்திலிருந்து வந்தது.

உயிரணுவிலுள்ள டி.என்.ஏ. என்னும் ஏட்டில் ஏறக்குறைய 300 கோடி எழுத்துக்கள் உள்ளன. புரதம் ஆக்கும் குறிப்புகள் அவற்றில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. அமெரிக்காவில் பணியாற்றிய ஜப்பானிய அறிஞர் சுஸுமு ஓனோ 1972-இல் எஞ்சியவற்றுட் பெரும்பாலானதைக் 'குப்பை' என்றார். அச்சொல் நிலைத்துவிட்டது.

1993-இல் விக்டர் அம்புரோசும் கேரி ருவ்குனும் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவொன்றில் புதுமை கண்டனர். ஏறத்தாழ 22 எழுத்துக்களே கொண்ட ஆர்.என்.ஏ. துணுக்கு, தான் புரதம் எதுவும் ஆக்காமல், பிறிதொரு மரபணுவின் வேலையை அடக்கியது. புழுவின் விசித்திரம் என்று பலர் வாளாவிருந்தனர். 2000-இல் கண்ட மற்றொரு துணுக்கு மனிதரிடத்தும் இருந்தது. 2024-இல்தான் இருவருக்கும் நோபெல் பரிசு கிட்டியது. முப்பதாண்டுப் பொறுமை!

இருதயத்தின் கதை 2007-இல் சூடுபிடித்தது. இருதயத் தசைப் புரதத்தின் மரபணுச் செய்தியிலிருந்து வெட்டி எறியப்படும் பகுதிக்குள் ஒரு துணுக்கு ஒளிந்திருப்பதை டல்லாஸ் நகர ஆராய்ச்சியாளர் ஆராய்ந்தனர். அதனை நீக்கிய எலிகளின் பெருநாடியை இறுக்கியபோதும் இருதயம் முன்போல வீங்கவில்லை, தழும்பும் மிகவில்லை. வெட்டியெறிந்த துண்டே நோய்க்குத் துணைநின்றிருக்கிறது!

அதே ஆண்டில் ஐஸ்லாந்திலும் கனடாவிலும் இரு குழுவினர், மாரடைப்பு நாடும் மரபுக்கூறொன்றை ஒன்பதாம் நிறமூர்த்தத்தில் கண்டனர். கொழுப்பு, கொதிப்பு, சர்க்கரை ஆகியவற்றின் வழியாக அது தீங்கு செய்வதாகத் தெரியவில்லை. அவ்விடத்தில் புரத மரபணு எதுவுமில்லை; அதனூடே செல்வது 'அன்ரில்' என்னும் நீண்ட ஆர்.என்.ஏ. அது குழாய்ச் சுவரை எவ்வாறு கெடுக்கிறது என்பதில் அறிஞர்கள் இன்னும் உடன்படவில்லை.

மருந்தோ வேறு வழியில் வந்தது. 1998-இல் ஃபயரும் மெல்லோவும் அதே புழுவில், ஈரிழை ஆர்.என்.ஏ. செலுத்தி மரபணுவை அடக்கிக் காட்டினர். அத்தத்துவத்திற் பிறந்த 'இன்கிளிசிரான்' 2020-இல் ஐரோப்பாவிலும் 2021-இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. கெட்ட கொழுப்பை வாங்கி அகற்றும் கல்லீரலின் வாயில்களை அழிக்கும் புரதமொன்றை அது உருவாகவிடாது தடுக்கிறது. முதலிரு ஊசிகளுக்குப் பின் ஆறு மாதத்துக்கு ஒன்று. கொழுப்பு ஏறக்குறையப் பாதியாகிறது. விலைதான் நடுத்தரக் குடும்பத்துக்கு எளிதில் எட்டுவதன்று.