பேச அனுமதி

நம் பேட்ச் நண்பர்களில் பனியன் கம்பெனி நடத்துபவர்கள் உண்டு, சாயப்பட்டறை வைத்தவர்கள் உண்டு, வாத்தியார்களும் உண்டு. ராயபுரத்தில் மொட்டை மாடியில் ஒயரைக் கட்டிக்கொண்டு 'டிட் டா' அடிப்பவன் நான் ஒருவன்தான். அதனால் மலருக்கு அமெச்சூர் ரேடியோ பற்றி எழுதச் சொன்னார்கள். கருவியைப் பற்றி எழுதினால் பாதிப்பேர் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். ஆகவே அந்த லைசென்ஸின் கதையைச் சொல்கிறேன்.

எனக்கு லைசென்ஸ் வந்தது 1989ல். இரண்டாம் கிரேடு. 1978ஆம் ஆண்டு விதிகள் நடைமுறையில் இருந்த காலம். லைசென்ஸ் கைக்கு வந்ததும் மைக்கைப் பிடித்துப் பேசலாம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அது நடக்காது. சிற்றலையில் இரண்டாம் கிரேடுக்காரர் முதலில் மோர்ஸ் தட்டித்தான் பேச வேண்டும். அப்படி 100 தொடர்புகள் முடித்து, அத்தாட்சி காட்டினால்தான் குரலில் பேச அனுமதி கேட்கலாம். சக்தியும் 50 வாட்தான், வீட்டுக் குண்டு பல்பு அளவு! முதல் கிரேடுக்கு 150 வாட், அட்வான்ஸ்டு கிரேடுக்கு 400 வாட்.

பகலில் சுற்றுவட்டார மோட்டார்களின் இரைச்சல் காதைப் பிளக்கும். ஞாயிற்றுக்கிழமை கம்பெனிகள் லீவு விட்டால்தான் சிக்னல் கேட்கும். 100 தொடர்பு முடிய எனக்கு ஏழு மாதம் ஆயிற்று. ஆனால் அந்த ஏழு மாதத்தில்தான் முதலில் காது கொடுத்துக் கேட்டு, பிறகு வாய் திறக்கப் பழகினேன். தட்டுத்தடுமாறி அடிக்கும் புதியவனுக்காக எதிர்முனையில் இருப்பவர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்வார். முகம் தெரியாத மனிதரின் அந்தப் பெருந்தன்மையை எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை.

பக்கத்துத் தெருவில் கம்பெனி வைத்திருந்த பெரியவர் ஒருநாள் கேட்டார்: "ஏனுங்க தம்பி, ஜெர்மனிக்காரங்ககிட்ட எல்லாம் பேசறீங்களாமா? நம்ம சரக்குக்கு ஆர்டர் என்னாச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்களேன்!"

முடியாதுங்க என்றேன். வியாபாரம், அரசியல், பாட்டு, அடுத்தவர் சேதி எதற்கும் அனுமதி இல்லை. சிக்னல் எப்படி, ஏரியல் என்ன, அங்கே மழையா வெயிலா, அவ்வளவுதான். தந்தி கொடுக்கும் அளவுக்கு முக்கியமில்லாத சொந்த விஷயங்களை மட்டும் பேசலாம் என்பது அன்றைய சர்வதேச விதியின் சாரம். அரசாங்கங்களின் தந்தி, தொலைபேசி வருமானத்தில் அமெச்சூர்கள் கை வைக்கக் கூடாதல்லவா! பெரியவருக்கு மனத்தாங்கல்தான்.

ஏன் இத்தனை கெடுபிடி? கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டமே தகவல் தொடர்பை அரசின் தனி உரிமையாக்கிவிட்டது. ஆனாலும் ஆர்வலர்கள் சும்மா இருக்கவில்லை. 1924ல் சி.வி.கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியில் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் பிறந்தது. ஆல் இந்தியா ரேடியோ என்ற பெயரே வருவதற்கு முன் சென்னையில் ஒலிபரப்பு நடத்தியவர்கள் அவர்கள். பணமுடையால் 1927ல் நின்றது. 1933ல் வந்த கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் கருவியை வைத்திருப்பதே குற்றம். ரேடியோ கேட்பதற்கே தபால் ஆபீசில் வருஷா வருஷம் பணம் கட்டியது நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும்.

1939ல் போர் மூண்டதும் அமெச்சூர்கள் டிரான்ஸ்மிட்டரைப் போலீசில் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. கொடுத்த உரிமை ஒரே தாளில் போயிற்று. 1942ல் பம்பாயில் உஷா மேத்தாவும் தோழர்களும் காங்கிரஸ் ரேடியோ என்ற ரகசிய நிலையத்தை நடத்தினார்கள். அதற்குக் கருவி அமைப்பதில் உதவிய நரிமன் பிரிண்டர் ஓர் அமெச்சூர். நவம்பரில் பிடிபட்டார்கள். உஷா மேத்தாவுக்கு நான்கு ஆண்டு சிறை. வானொலிக் கருவியைக் கண்டு வெள்ளைக்கார அரசு பயந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அந்தப் பயத்தின் மிச்சம் சுதந்திரத்துக்குப் பிறகும் விதிப் புத்தகத்தில் தங்கிவிட்டது என்பது என் எண்ணம்.

ஆனால் அதே புத்தகத்தில் ஒரு வாசலும் திறந்திருந்தது. பேரிடர் வந்து, மற்ற தொடர்புகள் அறுந்தால் அடுத்தவர் சேதியையும் கொண்டு போகலாம். 2004 டிசம்பரில் டெல்லி பாரதி பிரசாத் குழுவினர் தனி அனுமதி பெற்று அந்தமானுக்குப் போய், போர்ட் பிளேரிலிருந்து உலகெங்கும் பேசிக்கொண்டிருந்தார்கள். 26ந் தேதி சுனாமி. தீவுகளில் தொலைபேசி அற்றுப்போனது. பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோன கருவி வழியாகத்தான் "உயிரோடு இருக்கிறார்" என்ற சேதி பல வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. சாதாரண நாளில் வெறும் பேச்சைப் பேசிப் பழகிய கைதான் அன்று உதவியது.

2010ல் கிரேடுகளைச் சுருக்கி, பொது, கட்டுப்பாட்டு என்று இரண்டே ஆக்கினார்கள். கட்டுப்பாட்டு கிரேடுக்கு மோர்ஸ் பரீட்சை கிடையாது. உங்கள் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ எழுத விரும்பினால் ராயபுரத்துக்கு அனுப்புங்கள், சொல்லித் தருகிறேன். கட்டணம் இல்லை. ஆனால் முதல் மாதம் கேட்க மட்டும்தான் விடுவேன்!