வலி போச்சு, தசை வந்துச்சா?

கணியம்பாடி பக்கம் ஸ்கேன்னு சொன்னாலே வயித்துல இருக்கிற பிள்ளைதான் ஞாபகத்துக்கு வரும். இடுப்புவலிக்காரரைக் குப்புறப் படுக்க வைத்து, அதே கருவியால் முதுகுத் தசையை அளக்கலாம் என்றால் பலர் நம்ப மாட்டார்கள். நானும் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கருவியின் கதை தொழிற்சாலையில் தொடங்குகிறது. 1955-இல் கிளாஸ்கோ டாக்டர் இயன் டொனால்ட், அறுத்தெடுத்த கட்டிகளைக் காரில் எடுத்துக்கொண்டு ஒரு பாய்லர் கம்பெனிக்குப் போனார். உலோகத்தில் விரிசல் தேடும் ஒலிக்கருவியில் அவற்றை வைத்துப் பார்த்தார். 1958-இல் அவர் குழுவின் கட்டுரை 'லான்செட்'டில் வந்தது. அதன்பின் கருவி பிரசவ வார்டுக்குள் நுழைந்தது.

1994-க்கு வருவோம். அந்த ஆண்டு இரண்டு விஷயம் நடந்தது. இந்தியாவில் கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. பெண் சிசுக்களைக் காக்க அது தேவைப்பட்டது. பதிவில்லாமல் ஸ்கேன் கருவி வைத்திருக்க முடியாது என்ற நிலை அதிலிருந்து வந்ததுதான். அதே ஆண்டு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஜூலி ஹைட்ஸ் என்ற பிசியோதெரபிஸ்டும் குழுவினரும் முதுகுத் தசை பற்றிய ஆய்வை 'ஸ்பைன்' இதழில் வெளியிட்டார்கள்.

அவர்கள் பார்த்தது மல்ட்டிஃபிடஸ் என்ற தசை. முதுகெலும்பை ஒட்டி, ஆழத்தில், ஒவ்வொரு கணுவையும் பிடித்து நிறுத்துவது. வலி இல்லாதவர்களுக்கு இடது, வலது அளவு வித்தியாசம் சராசரி 3% தான். ஒரு பக்கம் வலி வந்த 26 பேருக்கோ, வலியுள்ள கணுவில் 31%. வலித்த பக்கமே மெலிந்திருந்தது.

1996-இல் வந்த அடுத்த ஆய்வுதான் என்னை யோசிக்க வைத்தது. முதல்முறை இடுப்புவலி வந்த 39 பேர். நாலு வாரத்தில் அநேகமாக எல்லாருக்கும் வலி போயிடுச்சு. ஆனால் பயிற்சி செய்யாதவர்களுக்குப் பத்து வாரம் ஆகியும், வழக்கமான வேலைக்குத் திரும்பியும், தசை பழைய அளவுக்கு வரவில்லை. ஓராண்டில் அவர்களில் 84% பேருக்கு வலி திரும்பியது. பயிற்சி செய்தவர்களில் 30% பேருக்குத்தான். சின்ன ஆய்வு என்பதையும், பின்னால் வந்தவை எல்லாம் இதே முடிவைச் சொல்லவில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

பயிற்சியால் உடம்பை மீட்பது இந்தப் பக்கத்துக்குப் புதுசு இல்லை. வேலூரிலிருந்து கணியம்பாடி வரும் வழியில், பாகாயத்தில், சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையம் 1966-இல் தொடங்கியது. அதை உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸ், 1954 கார் விபத்தில் முதுகெலும்பு அடிபட்டுக் கால்கள் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர்.

நாத்து நடுற அம்மாவுக்கு இடுப்பு பிடிச்சா, மாத்திரை போட்டு, வலி நின்னதும் மறுபடி வயலுக்குப் போயிடுறாங்க. ஆறு மாசத்துல திரும்ப வலி. "வயசாச்சு, அப்படித்தான்" என்கிறோம். வலி நின்ற அன்றே தசையும் திரும்பிவிட்டதாக நினைப்பதுதான் தப்பு.

இதைக் கண்டுபிடிக்கத்தான் ஸ்கேன் தேவைப்பட்டது. கடைப்பிடிக்க அது வேண்டியதில்லை. பிசியோதெரபிஸ்ட் விரலால் தொட்டே அந்தத் தசை இறுகுதான்னு பார்த்துச் சொல்லித்தர முடியும். வலி நின்ற பிறகும் சில வாரம் பயிற்சியை விடாமல் செய்யணும். அவ்வளவுதான்.