பெற்றோர் ஆதரவுக் குழுக்கள் (பால்புதுமையினர்)

தன்பாலீர்ப்பினர், திருநர் முதலான பால்புதுமையினரின் பெற்றோர், தம் பிள்ளைகளைப் புரிந்துகொள்ளவும் ஒருவருக்கொருவர் துணைநிற்கவும் கூடி நடத்தும் குழுக்கள். பல தாய்மாரின் முயற்சியால் தோன்றியவை.

எது முதல் குழு என்பதில் ஒருமித்த கருத்தில்லை. லண்டனில் ரோஸ் ராபர்ட்சன் 1960களின் நடுவில் தொடங்கியதாகக் கூறப்படும் பெற்றோர் ஆலோசனைப் பணி காலத்தால் முந்தியது. எனினும் விரிவான பதிவுகள் நியூயார்க் குழுவுக்கே உள்ளன.

நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியைச் சேர்ந்த ஜீன் மேன்ஃபோர்டு தொடக்கப்பள்ளி ஆசிரியை, அதிர்ந்து பேசாதவர். 1972 ஏப்ரலில், ஹில்டன் ஓட்டலில் நடந்த பத்திரிகையாளர் விருந்தில் துண்டறிக்கை கொடுத்த தன்பாலீர்ப்பு உரிமைப் போராளிகள் தாக்கப்பட்டனர். அடிபட்டவர்களில் ஜீனின் மகன் மார்ட்டியும் ஒருவர். தாக்கியதாகக் குற்றம்சாட்டப்பட்ட தொழிற்சங்கத் தலைவர் பின்னர் விடுவிக்கப்பட்டார். காவலர்கள் வேடிக்கை பார்த்தனர் என்று கண்டித்து ஜீன் 'நியூயார்க் போஸ்ட்' இதழுக்குக் கடிதம் எழுதினார். தம் மகன் தன்பாலீர்ப்பாளர் என்பதையும், அவர்மேல் தமக்குள்ள அன்பையும் அதில் மறைக்காமல் சொன்னார். அக்கடிதம் ஏப்ரல் 29 அன்று வெளிவந்தது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் தன்பாலுறவு குற்றமாக இருந்த காலம் அது.

அதே ஆண்டு ஜூன் 25 அன்று கிறிஸ்டோபர் தெருத் தன்பாலீர்ப்பு உரிமைப் பேரணியில் ஜீன் மகனுடன் நடந்தார். பிள்ளைகளுக்கு ஆதரவாகப் பெற்றோர் ஒன்றுசேர வேண்டும் என்று கையால் எழுதிய அட்டை அவரிடம் இருந்தது. கூட்டம் ஆரவாரித்தபோது, பின்னால் வந்த புகழ்பெற்ற குழந்தை மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக்குக்கான வரவேற்பு அது என்றே அவர் நினைத்தார். இளைஞர்கள் ஓடிவந்து அவரை முத்தமிட்டனர். தங்கள் பெற்றோரிடம் வந்து பேசும்படி கெஞ்சினர். குழு தொடங்கும் எண்ணம் அந்த நடையிலேயே உருவானது.

முதல் கூட்டம் 1973 மார்ச்சில் கிரீன்விச் வில்லேஜ் மெதடிஸ்ட் தேவாலயத்தில் நடந்தது. நாள் 11 என்றும் 26 என்றும் குறிப்புகள் வேறுபடுகின்றன. வந்தவர்கள் சுமார் 20 பேர்.

1980களின் தொடக்கத்தில் பல நகரக் குழுக்கள் இணைந்து தேசிய அமைப்பாயின; அடெல் ஸ்டார் முதல் தலைவர். இன்று பிஃப்ளாக் எனப்படுவது அதுவே. திருநரின் குடும்பங்கள் 1998இல்தான் அதன் நோக்க அறிக்கையில் இடம்பெற்றன. மார்ட்டி 1992இல் எய்ட்ஸ் நோயால் மறைந்தார். ஜீன் 2013 ஜனவரியில், 92ஆம் வயதில். அடுத்த மாதம் அவருக்கு அதிபரின் குடிமக்கள் பதக்கம் வழங்கப்பட்டது.

இந்தியாவில், தன்பாலுறவைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு குறித்த வழக்கின் மேல்முறையீட்டில் 19 பெற்றோர் தம் பிள்ளைகளுக்காக உச்சநீதிமன்றத்தை அணுகினர். 2017இல் மும்பையில் 'ஸ்வீகார்' என்ற பெற்றோர் குழு உருவானது. தமிழ்நாட்டில், தன்பாலீர்ப்பு இணையரான இளம்பெண்கள் இருவர் தொடுத்த சுஷ்மா வழக்கில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அவ்விருவரோடு அவர்களின் பெற்றோரையும் உளவியல் ஆலோசனைக்கு அனுப்பினார். பெற்றோர் ஆசிரியர் கழகங்கள் வழியே பெற்றோருக்கு விழிப்புணர்வு அளிக்கலாம் என்பது அவரது 2021 ஜூன் உத்தரவின் பரிந்துரைகளுள் ஒன்று.