கடலுக்கு ஸ்டாக் எடுத்த கதை

கண்ணுக்கே தெரியாத ஒரு பயிர். வயலும் இல்ல, வரப்பும் இல்ல. விளைச்சல் எவ்வளவுன்னு எப்படிக் கணக்கு போடறது?

கடல்ல மிதக்கற நுண்ணுயிர்களுக்கு 'பிளாங்க்டன்'னு 1887-ல பேர் வெச்சவர் ஜெர்மனியில கீல் நகரத்துப் பேராசிரியர் விக்டர் ஹென்சன். 1889-ல கப்பல் எடுத்துட்டு அட்லாண்டிக் முழுக்க வலை வீசி எண்ணினார். வெயில் கொட்டற வெப்பமண்டலக் கடல்தான் செழிப்பா இருக்கும்னு பார்த்தா, வடக்கத்திய குளிர் கடல்லதான் அதிகம்! ஆனா வலையில ஒரு சிக்கல். பொடிசெல்லாம் கண்ணி வழியா ஓடிடும். ஏற்கனவே தின்னு தீர்த்ததும் கணக்குல வராது.

1920-கள்ல இங்கிலாந்தின் பிளிமத் ஆய்வுக்கூடத்துல அட்கின்ஸ் பயிரை விட்டுட்டு உரத்தை அளந்தார். கடல்தண்ணியில ரசாயனம் ஊத்தினா நீல நிறம் வரும். நிறம் அடர்த்தின்னா பாஸ்பேட் அதிகம். குளிர்காலப் புயல் கடலைக் கலக்கி அடியில இருக்கற சத்தை மேல கொண்டுவருது. வசந்தத்துல வெளிச்சம் கூடினதும் பாசிகள் மளமளன்னு பெருகி அதைக் காலி பண்ணிடுது. குளிர்கால இருப்புல இருந்து கோடைகால இருப்பைக் கழிச்சா விளைச்சல் வந்துடும். மளிகைக்கடை ஸ்டாக் கணக்கேதான்!

1934-ல அமெரிக்காவின் ரெட்ஃபீல்ட், பிளாங்க்டன்ல இருக்கற சத்துகளின் விகிதம் கிட்டத்தட்ட மாறாம இருக்குன்னு காட்டினார். பின்னாடி அது 106 கார்பன், 16 நைட்ரஜன், 1 பாஸ்பரஸ்னு நிலைச்சுது. அதாவது பாஸ்பேட் தெரிஞ்சா கார்பனும் தெரிஞ்சுடும்.

இதுல ஓட்டை எங்கன்னு கேக்கறீங்களா? கோலி சோடா கடையை நெனச்சுப் பாருங்க. காலி பாட்டில் திரும்பி வந்து, ரொப்பி, மறுபடி விக்குது. பாட்டிலை எண்ணினா வியாபாரம் தெரியுமா? பாஸ்பேட்டும் அப்படித்தான். ஒரு பாசியைத் தின்ன பூச்சி அதைக் கழிவா விட, அடுத்த பாசி எடுத்துக்கும். அதனால பிளிமத் கணக்கு குறைந்தபட்சம் மட்டுமே.

1952-ல டென்மார்க்கின் ஸ்டீமன் நீல்சன் கார்பன்-14 வெச்சு நேரடியாவே உற்பத்தியை அளக்கும் முறையை வெளியிட்டார். பழைய கழித்தல் கணக்குக்கு வேலை போச்சுன்னுதான் தோணும். ஆனா 1967-ல டக்டேல், கோரிங்னு ரெண்டு பேர் உற்பத்தியை ரெண்டாப் பிரிச்சாங்க. ஒண்ணு, ஆழத்துல இருந்து புதுசா வந்த சத்துல விளைஞ்சது. இன்னொண்ணு, மேலேயே சுத்திச் சுத்தி வர்ற சத்துல விளைஞ்சது. நீண்டகாலத்துல பார்த்தா புதுசா வந்த அளவுக்குத்தான் ஆழத்துக்கு மூழ்கவும் முடியும். காத்துல இருந்து எடுத்த கார்பன்ல எவ்வளவு அடியில போய்ப் பதுங்குதுங்கற கேள்விக்கு விடை இந்த முதல் பங்குலதான் இருக்கு.

அட்கின்சின் கழித்தல் கணக்கு தொட்டது பெரும்பாலும் இதைத்தான். மொத்த வியாபாரத்தை அளக்கப் போய் கோட்டை விட்டது. ஆனா கடைக்குப் புதுசா வந்த பாட்டில் எத்தனைன்னு சொல்லிடுச்சு. புவி சூடாகற இந்தக் காலத்துல நமக்கு அதிகம் தேவைப்படற எண்ணும் அதுதான்.

பிளிமத்துக்கு வெளியே கடல்ல 'ஈ1'னு ஒரு இடம். 1903-ல மாதிரி எடுக்க ஆரம்பிச்சாங்க. நடுவுல சில இடைவெளி விழுந்தாலும் அந்தப் பேரேடு இன்னும் மூடப்படல. கேள்வி மாறினாலும் பழைய டேட்டாவைத் தூக்கிப் போடாதீங்கன்னு புராஜெக்ட்ல கத்திக்கிட்டே இருக்கற என்னை மாதிரி ஆளுங்களுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது :-)