மேடைக்கு முன்னால் வந்த பணம்

மாணவர் குழு மேடையேறி, ஆய்வு யோசனையை ஐந்து நிமிடத்தில் சொல்லி, நடுவர்களிடம் நிதி கேட்கும் போட்டி அமெரிக்காவிலிருந்து வந்த வழக்கம் என்று என் மாணவர்கள் நினைக்கிறார்கள். என்னோடு நடுவர் மேசையில் உட்காரும் பேராசிரியர்களிலும் சிலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அதனால் பெங்களூரிலிருந்து தொடங்குகிறேன்.

இந்திய அறிவியல் கழக வளாகத்தில் கர்நாடக மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் இருக்கிறது. 1975இல் தொடங்கியது. முதல் ஆண்டுகளில் அதன் செயலராக இருந்தவர் அமுல்யா ரெட்டி. மின்வேதியியல் பேராசிரியராக இருந்தவர், ஆய்வுக்கூடத்தில் நடப்பது கிராமத்துக்குப் போய்ச் சேரவில்லையே என்று வருந்தி, 1974இல் அதே வளாகத்தில் ‘அஸ்த்ரா’ என்ற ஊரகத் தொழில்நுட்பக் குழுவைத் தொடங்கினார். விறகு குறைவாகத் தின்னும் ‘அஸ்த்ரா ஒலெ’ அடுப்பு அந்தக் குழுவிலிருந்து பிறந்ததுதான். இந்தச் சூழலில்தான் 1977-78 கல்வியாண்டில் மன்றத்தின் மாணவர் செயல்திட்ட நிகழ்ச்சி தொடங்கியது. பொறியியல் கல்லூரிகளின் இறுதியாண்டுக் குழுக்கள் முன்மொழிவு அனுப்பும். தேர்வானவற்றுக்குச் சிறு தொகை கிடைக்கும். வேலையை வல்லுநர்கள் மதிப்பிடுவார்கள். நல்லவை மாநில அளவில் கருத்தரங்குக்கும் கண்காட்சிக்கும் போகும், பரிசும் பெறும். இன்றுவரை ஆண்டு தவறாமல் நடக்கிறது.

முதலில் தாள், பிறகு பணம், பிறகு வேலை, கடைசியாக மேடை. அந்த வரிசையைக் கவனியுங்கள். நான் சொல்ல வருவது முழுவதும் அதைப் பற்றித்தான்.

தமிழ்நாட்டில் இப்படி ஒரு மன்றம் 1984இல் அமைந்தது. அதன் மாணவர் திட்டத்தில் என் மாணவர்கள் ஒரு குழுவுக்கு 7,500 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். தொகையைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அந்த 7,500 என்ன செய்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அதே 1984இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், டெக்சஸ் பல்கலைக்கழகத்து எம்.பி.ஏ. மாணவர்கள் ஒரு போட்டியைத் தொடங்கினார்கள். சட்டக் கல்லூரிகளில் மாணவர்கள் வக்கீல்போல வாதாடிப் பழகும் மாதிரி நீதிமன்றம் இருக்கிறதல்லவா, அதைப் பார்த்துத் தொழில் திட்டத்துக்கும் ஒரு மாதிரி மன்றம் வைத்தார்கள். ‘மூட் கார்ப்’ என்று பெயர். நடுவர் இடத்தில் முதலீட்டாளர். வழக்குக்குப் பதில் தொழில் திட்டம். எதிரே உட்கார்ந்திருப்பவரை நம்பவைக்கும் பயிற்சிதான் அங்கே மையம். மேடை முதலில் வந்த மரபு இது. இன்று நம் கல்லூரி அரங்குகளில் நாம் பார்ப்பது பெரும்பாலும் இதன் பேரப்பிள்ளைகளை.

1990இல் எம்.ஐ.டி.யில் நடந்தது கொஞ்சம் வேறு. அங்கே பொறியியல் பக்கத்து மாணவர்களுக்கு ஒரு தொழில்முனைவோர் மன்றம் இருந்தது. ஸ்லோன் மேலாண்மைப் பள்ளி மாணவர்களுக்குத் தனியாக இன்னொன்று. இரண்டும் சேர்ந்து பத்தாயிரம் டாலர் பரிசுப் போட்டியைத் தொடங்கின. பரிசைவிட அந்தச் சேர்க்கைதான் பெரிய காரியம் என்பேன். கருவி செய்யத் தெரிந்தவனும் கணக்குப் பார்க்கத் தெரிந்தவளும் ஒரே குழுவில் மாதக்கணக்கில் உட்கார்ந்து சண்டை போட ஒரு சாக்கு கிடைத்தது. 1996இல் பரிசு ஐம்பதாயிரம் ஆனது, 2006இல் ஒரு லட்சம்.

1998 போட்டியில் இறுதிச் சுற்றுக்கு வந்த குழுக்களில் ஒன்று, இணையத்தில் கூட்டம் முண்டியடிக்கும்போது பக்கங்களைத் தாமதமில்லாமல் கொண்டுசேர்க்கும் வழியைச் சொன்னது. டேனி லெவின் என்ற ஆய்வு மாணவர், அவருடைய பேராசிரியர் டாம் லெய்ட்டன், ஸ்லோன் பள்ளியில் படித்த பிரீதிஷ் நிஜவான் ஆகியோர் அதில் இருந்தார்கள். உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, நெரிசல் வரப்போகிறது என்று முன்கூட்டியே எச்சரித்துக் கணிதக்காரர்களிடம் வைத்த கேள்விதான் அந்த ஆராய்ச்சிக்கு வித்து. குழு முதல் பரிசை வெல்லவில்லை. அதே ஆண்டு நிறுவனமாகப் பதிவானது, அதுதான் அகமாய். அடுத்த ஆண்டே பங்குச் சந்தைக்கு வந்தது. லெவின் 2001 செப்டம்பர் 11 அன்று கடத்தப்பட்ட விமானங்களில் ஒன்றில் இறந்தார், வயது 31.

தோற்றுப்போன மாணவர்களுக்குத் தைரியம் சொல்வதற்காகவே இந்தக் கதையை எடுத்து வைப்பார்கள். நான் அதில் பார்ப்பது வேறு. நல்ல நடுவர்கள், நல்ல நோக்கம், அப்படியும் மேடையில் அதன் மதிப்பு முழுதாகப் பிடிபடவில்லை. போட்டி அந்தக் குழுவுக்குக் கொடுத்தது பரிசு அல்ல. கணிதத்தை இன்னொருவருக்குப் புரியும்படி எழுதிப் பார்க்க ஒரு கெடு, பக்கத்தில் ஒரு மேலாண்மை மாணவர். மேடை இல்லாவிட்டாலும் இவை இரண்டையும் கொடுக்க முடியும்.

என் மனதுக்கு மிக நெருக்கமான போட்டி அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2004இல் கொண்டுவந்த ‘பி3’. மக்கள், வளம், பூமி மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ‘பி’ முதலெழுத்து. கல்லூரி மாணவர் குழு ஆசிரியர் துணையோடு முன்மொழிவு அனுப்ப வேண்டும். தேர்வான குழு ஒவ்வொன்றுக்கும் தொடக்க ஆண்டுகளில் பத்தாயிரம் டாலர்வரை கொடுத்தார்கள். ஒரு கல்வியாண்டு வேலை. அதன் பிறகுதான் வாஷிங்டனின் நேஷனல் மால் புல்வெளியில், செய்ததைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு போட்டி நடந்தது. அதில் வென்ற குழுக்களுக்கு எழுபத்தைந்தாயிரம்வரை இரண்டாம் கட்ட நிதி கிடைத்தது. பெங்களூரின் வரிசையேதான், தொகை மட்டும் பெரியது.

முதல் சுற்றிலேயே ஒஹாயோவின் ஓபர்லின் என்ற சிறு கல்லூரி வந்தது. விடுதிக் கட்டடங்களில் மின்சாரமும் தண்ணீரும் எவ்வளவு செலவாகின்றன என்பதை அங்கே குடியிருக்கும் மாணவர்களுக்கே உடனுக்குடன் காட்டும் ஏற்பாடு. 2005இல் விடுதிகளுக்குள் இரண்டு வாரப் போட்டி வைத்தார்கள். மின்செலவு 32 சதவீதம் இறங்கியது. தண்ணீர் 3 சதவீதம்தான். இந்த இரண்டாவது எண்ணை மேடையில் யாரும் சொல்ல விரும்பமாட்டார்கள். ஓபர்லின்காரர்கள் ஆய்வுக் கட்டுரையிலேயே அதை எழுதினார்கள். முன்பணம் வாங்கி வேலை செய்தவர்களிடம்தான் இப்படி ஒரு எண்ணே இருக்கும். வேலைக்கு முன்னால் பேசுகிறவர்களிடம் இருப்பது மதிப்பீடு மட்டும். மதிப்பீட்டில் மூன்று சதவீதம் என்று யாரும் எழுதுவதில்லை.

இப்போது அந்த 7,500. என் இறுதியாண்டு மாணவர்கள் நால்வர், உடன்குடிப் பக்கம் கருப்பட்டி காய்ச்சும் அடுப்பை எடுத்துக்கொண்டார்கள். விறகு குறைய வேண்டும், புகை விடிலிக்குள், அதாவது காய்ச்சும் குடிசைக்குள், நிற்கக் கூடாது. வரைபடம் அழகாக வந்தது: குறுகிய வாய், உயர்ந்த புகைபோக்கி, வெப்பம் வெளியேறாத சுவர். அன்றைக்கே மேடையில் ஏற்றியிருந்தால் எந்த நடுவரும் கைதட்டியிருப்பார், நானும் தட்டியிருப்பேன். பணத்தில் தீச்செங்கல், வெப்பம் அளக்கத் தெர்மோகப்பிள், பஸ் செலவு. பங்குனியில் பதநீர் இறக்கம் சூடுபிடித்ததும் ஒரு விடிலியில் அடுப்பைக் கட்டினார்கள்.

காய்ச்சுகிற அக்கா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பதம் வரையில மட்டையச் சட்டுனு வெளிய இழுக்கணும் தம்பி. இந்த வாய்க்குள்ள கை போவாதே.” பனை மட்டைதான் அங்கே எரிபொருள். நீளமாகவே உள்ளே விட்டு, எரிய எரியத் தள்ளுவார்கள். பதநீர் பொங்கினால் ஆமணக்கு விதையைத் தட்டிப் போட்டு அடக்கலாம். ஆனால் கடைசிப் பதத்தில் ஒரு நிமிடம் தீ கூடினாலும் பாகு கருகிவிடும். வாய் குறுகினால் விறகு மிஞ்சும், பாகு போய்விடும். மாணவர்கள் வாயை அகலப்படுத்தி, தீயை மறைக்கத் தள்ளும் இரும்புத் தகடு ஒன்று வைத்தார்கள். விறகுச் சேமிப்பு வரைபடத்தில் இருந்ததைவிடக் குறைந்தது. அக்கா அந்த அடுப்பில் காய்ச்சினார். பதநீர்க் காலம் முடிவதற்குள் புராஜெக்ட் ரிப்போர்ட்டும் பயன்பாட்டுச் சான்றிதழும் கொடுத்தாக வேண்டும் என்ற அவசரத்தில் எழுதியதால் அறிக்கை நன்றாக அமையவில்லை. ஆனால் அந்தத் தகடு பற்றிய பக்கத்தை இன்றும் புதிய குழுக்களுக்குப் படிக்கக் கொடுக்கிறேன்.

நேரக் கெடு எங்கிருந்து வந்தது என்றும் கேட்பார்கள். பல மூலங்கள். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008இல் தொடங்கிய மூன்று நிமிட ஆய்வுரைப் போட்டி அவற்றில் முக்கியமானது. அங்கே கடும் வறட்சி. மூன்று நிமிடத்துக்குள் குளித்து முடிக்க மக்கள் குளியலறைச் சுவரில் முட்டை வேகவைக்கும் மணல் கடிகையை ஒட்டிவைத்தார்கள். அதைப் பார்த்துத்தான் ஆய்வையும் மூன்று நிமிடத்தில் சொல்லச் சொன்னார்கள். அருமையான பயிற்சி. ஆனால் அங்கே பேசுவது முனைவர் பட்ட ஆய்வில் இறங்கிவிட்ட மாணவர்; கேட்பது பணம் அல்ல, கவனம். ஆய்வைத் தொடங்காத இருபது வயதுப் பிள்ளையிடம் அதே கடிகையைக் காட்டி, அதை வைத்தே நிதியைத் தீர்மானிப்பது அந்தப் போட்டி நினைக்காத காரியம்.

நம் நாட்டில் 2017இல் தொடங்கிய ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் இறுதிச் சுற்றை 36 மணி நேரத் தொடர் வேலையாக வைத்தது. மென்பொருளுக்கு அது ஓரளவு பொருந்தும். செங்கல் காய வேண்டிய வேலைக்கு, நீர் மாதிரி எடுக்க வேண்டிய வேலைக்கு, பருவம் பார்க்க வேண்டிய வேலைக்குப் பொருந்தாது. நிதியைப் படிப்படியாகக் கொடுப்பதில் உள்ள நியாயத்தை நம் சென்னை ஐ.ஐ.டி.யில் மின்பொறியியல் படித்த குருராஜ் தேஷ்பாண்டே நன்றாகப் புரிந்திருந்தார் என்று நினைக்கிறேன். அவரும் மனைவி ஜெயஸ்ரீயும் 2 கோடி டாலர் கொடுத்து 2002இல் எம்.ஐ.டி.யில் அமைத்த மையம், தொடக்க நிலை யோசனைக்குச் சிறிய நிதி, தேறியதற்குப் பெரிய நிதி என்றுதான் கொடுத்தது. வாங்கியவர்கள் பேராசிரியர்கள். பேராசிரியருக்கே இரண்டு கட்டம் தேவை என்றால் மாணவருக்கு எவ்வளவு தேவை!

எங்கள் துறையில் இப்போது பரிசுத் தொகையைப் பிரித்துவிட்டோம். முதல் பாதி, தாளைப் படித்துத் தேர்ந்த எல்லாக் குழுக்களுக்கும் ஆடி முடிவதற்குள் போய்விடும். பில் கொண்டுவந்தால் போதும். மேடை மாசியில். அங்கே நடுவர்களின் முதல் கேள்வியை நாங்களே அச்சடித்துக் கொடுத்திருக்கிறோம்: தாளில் எழுதியதில் எது மாறியது, யார் சொல்லி மாறியது?